நடுவில் யாரும் இல்லாமல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜொகூர் பாருவில், இந்தத் தம்போய் வட்டாரத்தில் உட்கார்ந்து பேச ஒரு கடை கிடைப்பதே பெரிது. அதிலும் விசிறிக்குக் கீழே இடம் கிடைத்திருக்கிறது. தே ஓவை ஆறவிடாதீர்கள், அக்கா. பால் சேர்க்காத டீதானே, இந்தக் கடையில் ஆறினால் கசக்கும். நான் பேசும்போது என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசை அசைந்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சும்மா இருக்க வராது. பெட்ரோல் போடும் வரிசையில் இரண்டு கார் முன்னால் நின்றால்கூட இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன்.

நீங்கள் போனில் கேட்டது ஒரே கேள்வி. அன்று காலை உங்கள் அப்பா ஏதாவது பேசினாரா என்று. எங்கள் கம்பெனி உங்களிடம் வேறொன்றைச் சொல்லி அனுப்பியது. அப்பா பொத்தானை அழுத்தினார், பணியில் இருந்த எலைன் கவனிக்கவில்லை, எலைனை நீக்கிவிட்டோம் என்று. உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத்தான் நாங்கள் பெட்டி கொடுக்கிறோம். சுவரில் பெட்டி, கழுத்தில் பொத்தான். அழுத்தினால் பெட்டி உடனே அவர்கள் குரலை அனுப்ப ஆரம்பிக்கும். ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் சர்வர் அதை வாங்கிப் பிள்ளையின் போனுக்கு அனுப்பும். பிள்ளை எடுக்காவிட்டால் சற்று நேரத்தில் எங்கள் புரோகிராம் அழைப்பை அலுவலகத்தில் இருக்கும் ஆபரேட்டருக்குத் திருப்பிவிடும். இதுவரை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

குரலை வாங்கி அனுப்பும் அந்த நடு வேலை என்னுடையது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டுப் பேச்சும் முதலில் கெர்னலின் கையில் விழும். கணினியின் அடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஓட்டுகிற பகுதி அது. கெர்னல் அந்தத் துண்டைப் பிரதி எடுத்து மேலே எங்கள் புரோகிராமிடம் கொடுக்கும். புரோகிராம் அதை மறுபடி கீழே கொடுக்கும். கெர்னல் இன்னொரு பிரதி எடுத்து வெளியே அனுப்பும். பெரும்பாலான துண்டுகளை எங்கள் புரோகிராம் எதுவும் செய்வதில்லை. இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் காலையில், பிள்ளைகள் எல்லாரும் சிங்கப்பூர்ப் பாலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்குப் பேசும் நேரத்தில், இந்த வாங்கிக் கொடுக்கும் வேலையிலேயே சர்வர் மூச்சு வாங்கும். நீங்கள் ‘அப்பா’ என்று கூப்பிட்டு அவர் ‘என்னம்மா’ என்பதற்குள் ஓர் இடைவெளி விழும். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்கு அது பல்லில் மாட்டிய நார் மாதிரி.

புதிய கெர்னலில் ஒரு வசதி வந்திருந்தது. சாக்கெட் என்றால் பேச்சு போய்வரும் வாசல்; பேச்சு உள்ளே வரும் சாக்கெட்டையும் வெளியே போகும் சாக்கெட்டையும் ஒன்றோடொன்று கட்டிவிடலாம். கட்டிய பிறகு பேச்சு மேலே ஏறாது. கீழேயே திரும்பி வெளியே போய்விடும். புரோகிராம் தூங்கலாம், இணைப்பு அறுந்தால் மட்டும் கெர்னல் அதை எழுப்பும். முதன்முதலில் சோதனைக்கு ஓடவிட்டபோது, அந்த இடைவெளி காணாமல் போனது. எழுந்து அலுவலகத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இல்லை.

எலைனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவசர அழைப்புகளை எடுப்பவள் அவள். பிள்ளை எடுக்காவிட்டால் ஆபரேட்டருக்குத் திருப்ப வேண்டும் என்ற விதியைச் சண்டை போட்டு எழுத வைத்ததும் அவள்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“புரோகிராம் தூங்கிட்டா, போனை யாரும் எடுக்கலன்னு அதுக்கு எப்படித் தெரியும், செல்வா?”

நல்ல கேள்வி. தெரியாது என்று சொன்னேன். கட்டிய இணைப்புகளில் அந்த விதி வேலை செய்யாது, அதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவரை பொத்தானைத் தொடவே தொடாத அமைதியான வீடுகளில் மட்டும் கட்டிப் பார்க்கிறேன் என்றேன். வேறு எந்த வீட்டில் கை வைத்தாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

அமைதியான வீடுகளில் என்ன சிரமம் என்றால், அங்கே பேச்சே இல்லை. ஆளில்லாத சாலையில் கார் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று யாருக்குக் காட்டுவது? அந்த நேரம் பார்த்து என் மேலாளர் ஆலன், சிங்கப்பூரிலிருந்து ஒரு முதியோர் இல்லக் குழுமம் எங்கள் சேவையைப் பார்க்க வருகிறது, உன்னுடைய புது வேலையைக் காட்டு என்றார். அந்த நாட்களில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே எழுந்து நடப்பதைப் பார்த்து என் மனைவி பிரேமலா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குத் தேவை பேச்சு. நிறையப் பேசுகிற ஒரு வீடு.

எங்களிடம் இருந்த வீடுகளில் அதிகம் பேசியது பாலோ ஊரில் இருக்கும் உங்கள் வீடுதான், அக்கா.

உங்களிடம் அப்பா இவ்வளவு பேசியிருப்பாரா என்று தெரியவில்லை. காலையில் ஒரு முறை, குளித்துவிட்டு ஒரு முறை, மழை வந்தால் ஒரு முறை. நீங்கள் தொழிற்சாலைக்குள் நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள், இடைவேளை வரை எடுக்க முடியாது. அதனால் அந்த அழைப்புகள் எல்லாம் எலைனிடம்தான் வந்து சேரும். என்ன வேண்டும் அங்கிள் என்று கேட்பாள். “ஒன்னும் இல்லம்மா, கரண்டு போயிட்டு வந்துச்சு. பெட்டி வேல செய்யுதான்னு பாத்தேன்” என்பார். அதற்குப் பிறகு சார்டின் குழம்புக்குப் புளி கரைத்தது முதல் பக்கத்து வீட்டு மணியத்தின் பூனை வரை போகும். எலைன் சிரித்துக்கொண்டே கேட்பாள். கனத்த குரல், நிறுத்தாத பேச்சு. ஓர் இணைப்பைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

அன்று காலை விருந்தினர் வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டையும், அதே மாதிரி அதிகம் பேசுகிற இன்னும் சில வீடுகளையும் கட்டினேன். எலைனிடம் சொல்லவில்லை. சொன்னால் பழைய கேள்வியையே கேட்பாள். என்னிடம் புதிய பதில் இல்லை.

சந்திப்பு அறையில் பெரிய திரை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கோடுகள். வீட்டிலிருந்து போகும் பேச்சுக்கு ஒன்று, வீட்டுக்குத் திரும்பி வரும் பேச்சுக்கு ஒன்று. பெட்டி சத்தம் கேட்டால்தான் அனுப்பும். பேசினால் கோடு எழும், பேசாமல் இருந்தால் படுத்துவிடும். ஆலன் விருந்தினருக்கு எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாலோ வீட்டின் கோடு எழுந்தது. எனக்கு மனசு லேசானது. சரியான நேரத்தில் அழுத்தினார் என்று நினைத்தேன்.

வழக்கமாக அவர் கொஞ்சம் பேசுவார், கோடு படுக்கும், எலைன் பேசும்போது மற்றக் கோடு எழும். அன்று மற்றக் கோடு எழவே இல்லை. எழாது. போன் உங்கள் லாக்கரில் இருந்தது, விதி தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பேசினார், நிறுத்தினார், பதிலுக்குக் காத்திருந்தார், மறுபடி பேசினார். நிறுத்துகிற இடங்களை வைத்தே எனக்கு அது புரிந்தது. வந்திருந்தவர்களில் ஒரு பெண்மணி அந்தக் கோட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன். தாமதமே இல்லையே என்றார். இல்லை, நடுவில் யாரும் இல்லை என்றேன்.

ஒரு கட்டளை அடித்திருந்தால் கட்டு அவிழ்ந்திருக்கும். என் ஹெட்போன் மேசையில்தான் இருந்தது, காதில் மாட்டி என்ன பேசுகிறார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாடிக்கையாளரின் பேச்சை ஒட்டுக் கேட்பது முறையில்லை. இதில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன்.

அப்போது எலைன் கதவைத் தட்டினாள். என்னை வெளியே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பாலோ அங்கிள் இன்னிக்கு ஒரு தடவகூட வரல, செல்வா. லைன் சரியாத்தானே இருக்கு?”

கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தேன். கோடு எழுந்து நின்றது.

“லைன் நல்லா இருக்கு லா,” என்றேன்.

அது பொய் இல்லை. அந்த இணைப்பு அதுவரை அவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை. நானே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். சோதனை ஓடுகிறது, அவர்கள் போனதும் கூப்பிடு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

அறைக்குள் திரும்பிய பிறகு என்னால் உட்கார முடியவில்லை. திரைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். விருந்தினர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாலோ வீட்டின் கோடு முன்போல எழவில்லை. சின்னச் சின்னதாக எழுந்தது. நடுவில் இடைவெளி கூடியது. பிறகு தரையை ஒட்டி ஒரே மாதிரி, சீராக, லேசாக ஏறி இறங்கியது. அது பேச்சாக இருக்காது. மூச்சாக இருந்திருக்கலாம். எவ்வளவு மெல்லிய சத்தத்தையும் விடாமல் கடத்துகிறது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு கோடு படுத்துவிட்டது.

அது படுத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அக்கா. இனி யாரும் அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

விருந்தினரை ஆலன் சாப்பிட அழைத்துப் போனார். நான் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். எலைன் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. மணியத்துக்குக் கூப்பிட்டாள். அவர் பின்கதவை உடைத்து உள்ளே போனார். மற்றது உங்களுக்குத் தெரியும். குளியலறை வாசல், கழுத்தில் பொத்தான். காலையிலேயே யாராவது வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.

விசாரணையில் ஆலன் என்னிடம் கேட்டது, சிஸ்டம் வேலை செய்ததா என்றுதான். செய்தது என்றேன். விதி இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார்கள். இருந்தது, விழித்துக்கொண்டு. அப்படியானால் அழைப்பு ஆபரேட்டரிடம் போயிருக்க வேண்டும், ஆபரேட்டர் எடுக்கவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவை நான் சொல்லவில்லை. அவர்களாகவே வந்தார்கள். எலைன் தன் மேசையைக் காலி செய்த அன்று என்னிடம் வந்து நின்றாள்.

“லைன் நல்லா இருக்குன்னு நீதான சொன்ன.”

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது இங்கே தம்போயிலேயே, இரண்டு தெரு தள்ளி ஒரு டயர் கடையில் போன் எடுக்கிறாள். உங்களுக்குப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் கடையைக் காட்டுகிறேன். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது.

அந்தக் குழுமம் எங்களோடு ஒப்பந்தம் போட்டது. இப்போது எல்லா வீடுகளும் புதிய முறையில்தான் ஓடுகின்றன. பயப்பட வேண்டாம், விதியையும் அதற்குள் சேர்த்துவிட்டேன். பிள்ளை போனை எடுக்கும்வரை கட்டாமல் வைத்திருந்து, எடுத்த பிறகு கட்டினால் போதும். சின்ன வேலை. ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. விருந்தினர் வருவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம். அப்போது எனக்கு வேகத்தின் மேல்தான் கண்.

நான் இரவில் தூங்காமல் நடப்பதைப் பார்த்துப் பிரேமலா, உங்களுக்கு மனசு உறுத்துகிறது, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். அவளுக்காகத்தான் வந்தேன். உறுத்தல் என்று எதுவும் இல்லை. அடுத்த வேலை ஒன்று மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். பேசினார். நிறையப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, எவ்வளவு பேசினார் என்று மட்டும் தெரியும். விழுந்து கிடக்கிறார் என்று பதில் வராமலும் அவர் மறுபடி மறுபடி பேசியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஒன்றை நீங்கள் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும், அக்கா. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட என் கையில் தவறவில்லை. எல்லாவற்றையும் உங்கள் போனில் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், எடுக்காதது நீங்கள்தான்.