வேலைக்காரியா, வீட்டுக்காரியா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் டன்கெல்ரி நகர்த் தலைவர் அவர்களே! திருச்சபை மூப்பர்களே! காலை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! ஸ்காட்லாந்தின் குளிரையும் சிரித்துக்கொண்டே தாங்கும் சிங்கங்களே! சேணம் தைக்கும் வால்டர் கெம்மலின் வணக்கம்.

வரி! வண்டிச் சக்கரத்துக்கு வரி, ஜன்னலில் நுழையும் வெளிச்சத்துக்கு வரி, இப்போது வீட்டு வேலைக்காரிக்கும் வரி! அதிலும் அவளை வைத்திருக்கும் எசமான் கல்யாணமாகாத ஆண் என்றால் இரட்டை வரி! இது அடுக்குமா? இதை எதிர்த்து லண்டனுக்கு மனு அனுப்பத்தான் கூடியிருக்கிறோம். எதிர்த்துப் பேசத்தான் நானும் மேடை ஏறினேன். ஆனால் அன்பர்களே, ஏறிய பிறகு குழம்பிப்போய் நிற்கிறேன்.

யார் அங்கே, "குடிச்சிருக்கியா வால்டர்" என்பது? இல்லை ஐயா, இன்னும் இல்லை.

பீர் காய்ச்ச மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, விற்கும் வியாபாரி நினியன் கில்ஃபில்லன் நமக்குத் தெரியாதவரா? அதோ, தூணருகே தலைகுனிந்து நிற்கிறாரே, அவர்தான். கட்டைப் பிரமச்சாரி. அவர் வீட்டில் ஆறு வருடமாகச் சமைப்பவர், துவைப்பவர், கிரிசல் ஓர் என்ற பெண். கூலி கேட்டால், "எங்க ஓடிப்போறேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பாராம் நினியன்.

போன செவ்வாய் வரிக்காரர் ஏட்டோடு வந்தார். குதிரைச் சேணம் கொடுக்கப்போன நானும், மாவு கொண்டுவந்த மில்காரரும் அங்கே நின்றோம். கிரிசல் உள்ளே ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு யாருங்க? வேலைக்காரின்னு எழுதிக்கவா?"

இரட்டை வரியை நினைத்தாரோ இல்லையோ, நினியன் பட்டென்று சொன்னார்: "வேலைக்காரியா? ஐயோ, என் பொண்டாட்டிங்க!"

வரிக்காரர் 'மனைவி' என்று எழுதிக்கொண்டு போனார். நினியன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஏன்? நம் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் கல்யாணத்துக்குக் கோயில் வேண்டுமா, குருவானவர் வேண்டுமா? இரண்டு சாட்சிகள் முன்னால் 'இவள் என் மனைவி' என்று அவன் சொல்லி, 'ஆமாம்' என்று அவளும் சொன்னால் முடிந்ததே! உள்ளே இருந்த கிரிசல் 'இல்லை' என்று மறுக்கவும் இல்லையே!

"யோவ் நினியன், மோதிரம் மாட்டாத குறையா மாட்டிக்கிட்டியே!" என்றார் மில்காரர். மனிதர் முகம் வெளிறிவிட்டது.

அன்றிலிருந்து ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. கசாப்புக்காரர் கிரிசலை 'அம்மா' என்கிறார். ரொட்டிக்காரர் 'ஏ புள்ளே' என்கிறார். வேலைக்காரி என்றால் ஆறு வருடக் கூலி எங்கே? வீட்டுக்காரி என்றால் சாவிக்கொத்து எங்கே? சாட்சியான எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. சாட்சி சொல் என்றால் எதைச் சொல்ல?

என்னது? "அவளையே கேளு"வா? அட, இது யாருக்கும் தோன்றவில்லையே! அதோ, தாய்மார்களோடு உட்கார்ந்திருக்கிறாரே! கிரிசல் அம்மா, எழுந்திருங்கள். பின்வரிசைக்குக் கேட்காது, நீங்கள் சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொல்கிறேன்.

"வரிக்குப் பயந்து சொன்ன பேச்சுக்கு நான் ஆமான்னு சொல்ல மாட்டேன்."

அமைதி, அமைதி! இன்னும் முடியவில்லை.

"நான் வேலைக்காரிதான். அப்படியே எழுதச் சொல்லுங்க. ரெட்டை வரியையும் கட்டட்டும், என் ஆறு வருஷக் கூலியையும் குடுக்கட்டும். பொண்டாட்டி வேணும்னா, அப்புறமா என்கிட்ட வந்து கேக்கட்டும். வரிக்காரர்கிட்ட இல்ல."

தாய்மார்களே, தட்டுங்கள் கையை!

அன்பர்களே, வரி கொடுமைதான். ஆனால் வீடு வீடாக வந்து யாரைக் கேட்டு எழுதினார்கள்? எசமானைக் கேட்டார்கள்! எழுதப்பட்டவளைக் கேட்டார்களா? நாமாவது கேட்டோமா? மனுவில் அதையும் எழுதுங்கள்: எங்கள் வீட்டுப் பெண் யாரென்று அவள் வாயால் கேட்டு எழுது! அப்படி எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

நினியன் நகர்கிறார். வழி விடுங்கள். கூலியைப் பற்றிப் பேசப்போகிறாரோ, கல்யாணத்தைப் பற்றியோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த அம்மாவிடமே பேசட்டும். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பேசவிட்ட தலைவருக்கும், பேசிய கிரிசல் ஓருக்கும் நன்றி, வணக்கம்!