போத்தலுக்குள் மாப்பிள்ளை

"தம்பி, இடியாதையும்! இந்தப் போத்தலுக்குள்ள எங்கட மாப்பிளை இருக்கிறார்."

உருத்திரபுரத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ். நெல்வயலின் பச்சை சன்னல்களுக்குள் தாவித் தாவி ஓடிவந்தது. மடியில் போத்தலோடு ஒரு தகப்பன், சன்னலோரம் மகள். இடித்த இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"வெறும் தண்ணியெல்லோ அண்ணை?"

"மாப்பிளை வீட்டுக் கிணத்துத் தண்ணி. கோயிலடியில பொம்பிளை பாத்தாச்சு, அவைக்குப் பிடிச்சிட்டுது. இனி எங்கட முறை. வீட்டை போய் இதில பருப்பு அவிச்சுப் பாப்பன். உவர்த்தண்ணி எண்டால் பருப்பு அவியாது. பருப்பு அவியாட்டில் கலியாணமும் இல்லை!"

மகள் ஓரக்கண்ணால் போத்தலைப் பார்த்தாள்.

மாங்குளத்தில் பஸ் நின்றது. போத்தலை மகளிடம் கொடுத்துவிட்டு, அவர் வெற்றிலை வாங்க இறங்கினார். திரும்பி வந்தபோது போத்தலில் ஒரு சொட்டும் இல்லை.

"எங்கை பிள்ளை தண்ணி?"

"குடிச்சிட்டன், ஐயா."

"முழுக்கவோ? உவர்க்கேல்லையோ?"

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தபடி அவள் இல்லையென்று தலையாட்டினாள். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

"அப்ப, பருப்பை இனி எதில அவிச்சுப் பாக்கிறது?" என்றார் தகப்பன், தன் சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டு.

"அங்கை போய் அவிக்கிறன், ஐயா."