வளையத்துக்குள் வெறும் காற்று

சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள். இந்த வீட்டில் இரண்டு பேருமே குறைவாகத்தான் போட்டுக்கொள்வோம். வருகிறவர்களுக்கு எவ்வளவு போடுவது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நீங்கள் கேட்டது சின்ன விஷயம்தான். என்னிடம் வாங்கிப்போன அடாப்டர் வளையம் இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, உள்ளே இருந்த தகடு எங்காவது விழுந்துவிட்டதா என்கிறீர்கள். விழவில்லை. நான் எடுத்துவிட்டேன். இதோ, இந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. கழுத்தில் கனமாக ஒரு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்தக் கடைக்கு வருகிற கூட்டத்தில், வளையத்தை அளந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். வங்கியில் வேலை என்றீர்களே, அந்தப் பழக்கமாக இருக்கலாம். அளந்து பார்த்தவருக்கு உண்மையைச் சொல்லாமல் அனுப்புவது முறையில்லை.

பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். அதனால் பழைய லென்ஸ்கள் ஃபிலிமிலிருந்து எட்ட நின்றே பழகியவை. புது மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது, உடம்பும் ஒல்லி. பழைய லென்ஸை அதில் மாட்ட வேண்டுமென்றால், நடுவில் குறைகிற தூரத்துக்கு ஒரு வளையம் வேண்டும். வளையத்துக்குள் வெறும் காற்று. ஆனால் அந்தக் காற்றின் கனம் தலைமுடியளவு பிசகக் கூடாது. தொழிற்சாலைக்காரர்கள் கொஞ்சம் மெலிசாகவே செய்து தள்ளிவிடுவார்கள். கனம் கூடிவிட்டால் தூரத்தில் இருப்பது எப்படித் திருப்பினாலும் தெளியாது, வாங்கினவன் சண்டைக்கு வருவான். மெலிசாக இருந்தால் தெளியும். என்ன, லென்ஸில் முடிவிலிக்கு அடையாளமாகப் படுத்துக்கிடக்கும் எட்டு போட்டிருக்கிற கடைசி இடத்தில் தெளியாது. அதற்குக் கொஞ்சம் முன்னால் தெளியும். கடைசிவரை திருப்பினால் தூரத்தைத் தாண்டிப் போய்விடும், படம் லேசாகக் கலங்கும். அந்தக் குறையை ஒரு பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்வதுதான் என் தொழில். நான் சரிசெய்த வளையத்தில் கண்ணை மூடிக்கொண்டு லென்ஸைக் கடைசிவரை திருப்பலாம். தூரத்து மலை மலையாகவே தெளிந்து வரும்.

என் தங்கை கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பினாள்.

அவளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவள் படமெடுப்பதெல்லாம் தூரத்துப் புகைபோக்கிகள், துறைமுகங்கள், மலைமுகடுகள். பழைய லென்ஸ் தவிர வேறெதையும் தொட மாட்டாள். ஒருநாள் ஒரு லென்ஸை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரு மனசு இருக்குக்கா" என்றாள். "அது மனசு இல்லடி, உள்ள எண்ணெய் படிஞ்சிருக்கு. குடு, துடைச்சுத் தரேன்" என்றேன். தரவில்லை. இந்த மாதிரி ஆட்கள் அழுக்கைக்கூட ஆத்மா என்றுதான் சொல்வார்கள். ஒரு கண்காட்சியில் யாரோ அவளிடம் கேட்டார்கள், தூரம் மட்டும் உங்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக வருகிறது என்று. "என் கண்ண நம்புறேன், அவ்வளவுதான்" என்றாள். நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் நம்பியது என் தகட்டை. அது அவளுக்குத் தெரியாது என்பதல்ல, அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு பதிப்பகம் அவளைக் கூப்பிட்டது. ஒரு நீண்ட கடற்கரை முழுக்க இருக்கிற கலங்கரை விளக்கங்களைப் படமெடுத்துப் புத்தகமாகப் போட வேண்டும். ஒரு வருஷமும் ஆகலாம், அங்கேயே தங்கும்படியும் ஆகலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அடுத்த மாசம் கெளம்புறேன்க்கா. நீ சமாளிச்சுப்பல்ல?" சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய வளையங்கள் எல்லாவற்றிலிருந்தும் தகட்டை எடுத்தேன். கவனியுங்கள், நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. நான் கொடுத்ததை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள் இதைப் பார்க்கிறாளா? வியூஃபைண்டரில் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்து, லென்ஸைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போனாள். வெயிலில் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் ஒரு பாய்மரமும் தெளிவாக இல்லை. மறுநாளும் போனாள். அதே கதை. லென்ஸில் கோளாறா பார் என்று என்னிடம் கொடுத்தாள். பழைய ஃபிலிம் கேமராவில் மாட்டிச் சோதித்தேன். லென்ஸ் நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. தானாகவே ஃபோகஸ் செய்கிற புது லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, வளையம் இல்லாமல் நேராகக் கேமராவில் மாட்டிப் பார்த்தாள். படம் கண்ணாடிபோல வந்தது.

"கேமரா சரி, லென்ஸும் சரி" என்றாள் என் மேசையருகே நின்று. "அப்ப மிச்சம் இருக்கறது நான்தான்."

வளையத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்றுமில்லாத ஒன்று எப்படிக் கெட்டுப்போகும் என்று நினைத்திருப்பாள். என் வேலைக்கு அவள் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். "வளையத்தப் பாரேன்" என்று அவள் வாயிலிருந்து வந்திருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்.

எங்கள் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட இவளுடைய வயதில்தான் பார்வை போனது. முதலில் போனது தூரம். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை, அவளுக்கே ஞாபகம் வந்தது. அவளைக் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். பலகையில் இருந்த எழுத்து எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மாகிட்டயும் மொதல்ல இப்படித்தானேக்கா சொன்னாங்க?"

"ஆமா" என்றேன். அப்படித்தான் சொன்னார்கள்.

பயம் வந்துவிட்டால் கண் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுப் பலகை மங்குகிறது என்றாள். பஸ் நம்பர் தெரியவில்லை என்றாள். வண்டி ஓட்டுவதை விட்டாள். பதிப்பகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள், அவர்கள் வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். பரணில் கிடந்த அம்மாவின் வெள்ளைக் கைத்தடியை இறக்கித் துடைத்து வாசலோரம் சாத்தி வைத்தேன். எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

இப்போது கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுகிறாள். பார்வை முழுசாகப் போவதற்குள் பழகிக்கொள்ள வேண்டுமாம். முதலில் மத்தியானம் மட்டும் கட்டினாள், இப்போது காலையிலேயே கட்டிவிடுகிறாள். நாற்காலி இருந்த இடத்தில் இருக்க வேண்டும், தம்ளர் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அளவு பிசகாமல் வைப்பதில் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வானம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், சொல்லுவேன். சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா என்னக்கா பண்ணுவேன்" என்பாள். முன்பெல்லாம் என்னிடம் இப்படிப் பேசத் தெரியாது அவளுக்கு. சென்ற மாதம் லென்ஸ், வளையம் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னாள். உங்களுக்குக் கிடைத்தது அதில்தான்.

உங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் என்னை ராட்சசி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பரவாயில்லை. மாடியில்தான் இருக்கிறாள், போய்ச் சொல்லுங்கள். தகட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். பொறுமையாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, அக்கா அப்படியெல்லாம் செய்ய மாட்டா என்பாள். நீங்கள் ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைக்காமல் துணியை அவிழ்த்தாலும் அவிழ்க்கலாம். எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். ஒரு சோதனை வைத்தேன், அவள் தேறவில்லை.

என்ன கேட்டீர்கள்? போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்றா?

நீங்களும் மற்றவர்கள் மாதிரிதான் பேசுகிறீர்கள். அவள் போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? போகட்டும் என்றுதானே இருந்தேன். பெட்டி அடுக்கும்போது கூடமாட உதவிகூடச் செய்தேன். துணிகளை மடித்துக் கொடுத்தேன், வளையங்களை நானே பார்த்துக் கட்டித் தருகிறேன் என்று கீழே எடுத்து வந்தேன். அவள் மாடியில் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காலி செய்துகொண்டிருந்தாள். வேண்டாதவற்றைக் குப்பைக்கூடையில் போடுகிற சத்தம் கேட்டது. கூடவே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போனபிறகு இந்த வீட்டில் யாரும் பாடி நான் கேட்டதில்லை. முதல் வளையத்தின் திருகுகளை அப்போதுதான் கழற்றினேன். நீங்களே சொல்லுங்கள், என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவள், பாடிக்கொண்டா பெட்டி கட்டுவாள்?