எறா ரொட்டிக்குக் காக்கா வருமா?

"எறா வெச்ச ரொட்டியக் காக்கா எடுக்குங்களா?"

பென்னாகரத்திலிருந்து தர்மபுரி போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் புருஷனிடம் கேட்டாள். யுத்தம் முடிந்த வருஷம் அது. அவர் பட்டாளத்துக் காக்கிச் சட்டையை இன்னும் விடவில்லை. அவள் மடியில் ஆற்று எறா நிறைந்த தூக்குப்போசி.

"அஸ்ஸாம்ல ரோடு போட்டப்ப எங்கூட இருந்த அந்தச் சிப்பாய் செஞ்சு குடுப்பான் புள்ள. எறாவ மாவுல பொரட்டிப் பொரிச்சு, ரொட்டியப் பொளந்து உள்ள வெச்சு, மேல காரமா கொழம்பு ஊத்துவான். அமெரிக்காவுல அவன் ஊருப் பக்குவமாம்."

"கொழம்புக்கு நான் மொளகா அரைச்சுக்கறேன். ரொட்டிய தர்மபுரில வாங்கிக்கலாம்."

"ரொட்டியப் பாத்தா வூட்ல யாருக்குக் காச்சல்னு ஊரே கேக்கும்."

"கேக்கட்டுங்க. செத்தவங்களுக்குப் புடிச்சத வெச்சுத்தான படைக்கணும்? தெனமும் தூக்கத்துல அவரு பேரச் சொல்லிப் பொலம்பறீங்க."



"அவன் ஏசுவக் கும்புடற வேதக்காரன் புள்ள. காக்காயா வரணும்னு அவனுக்குத் தெரியாது."

"முழிச்சிருக்கறப்ப ஒருவாட்டி பேரச் சொல்லிக் கூப்புடுங்க. வராமயா போயிருவாரு?"