கோமு வேண்டாம் என்ற கால்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி, பெருமதிப்பிற்குரிய சங்கிலிபூதத்தான் அவர்களே! என் ஓவியங்களுக்காகக் கல்யாண மண்டபத்தையே திறந்துவிட்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! சக்கர நாற்காலிகளில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட செல்வங்களே! எல்லோருக்கும் மேலாக, "சீக்கிரம் முடிங்கப்பா" என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மகள் கோமு அவர்களே! தளவாயின் தலைதாழ்ந்த வணக்கம்.

நான் யார்? சுவரில் படம் எழுதுகிறவன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்சி பாராமல், கடை பாராமல் இந்த ஊர்ச் சுவர்களில் எழுதியவன். எங்கள் தொழிலுக்கு ஒரு தர்மம் உண்டு. கறுத்தவரைச் சிவக்க வைப்போம். பெருத்தவரை இளைக்க வைப்போம். வழுக்கையில் முடி நடுவோம். சென்ற தேர்தலில் நம் தலைவர் அண்ணாச்சிக்கு நான் வைத்த முடியைப் பார்த்தீர்கள் அல்லவா? சிரியுங்கள், சிரியுங்கள், அவரே சிரிக்கிறார்!

கோமுவுக்குப் பதினொரு வயது. பிறந்தது முதல் மூளை முடக்குவாதம். கால்கள் பின்னிக்கொள்ளும், கைகள் முறுக்கிக்கொள்ளும். பேச்சு வராது. வராது என்று யார் சொன்னது? கண்ணை மேலே தூக்கினால் 'சரி'. இறுக்கி மூடினால் 'முடியாது'. எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட ஒன்றரை மணி நேரம். அந்த முகத்தைத் தவிர அப்போது வேறு எதைப் பார்ப்பது? சுவரில் ஆயிரம் முகம் எழுதியவன், ஒரு முகத்தை முழுதாகப் பார்த்தது அந்தக் கரண்டியைப் பிடித்த பிறகுதான்! எண்ணெய் தேய்த்து அவள் விரல்களைப் பைய விரிப்பேன். உள்ளங்கையில் ஒரு சிவப்பு இருக்கும் பாருங்கள், என்னிடம் இருக்கும் எந்த டப்பாவிலும் அது இல்லை. அதைக் கலந்து பார்க்கத்தான் வீட்டிலும் தூரிகை எடுத்தேன்.

முதல் படம்: பாபநாசத்து ஆற்றில் கோமு நிற்கிறாள். நேரான கால்கள், கொலுசு, கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு மாத உழைப்பு! ஆசையாய் அவள் முன்னால் நிறுத்தினேன். கண்ணை இறுக்கி மூடினாள்.

"ஏளா, நல்லாப் பாரு, நீதான்!" என்றேன். திறக்கவே இல்லை. அன்று கஞ்சியும் இறங்கவில்லை.

என் மனைவி தங்கத்தாய் வந்து பார்த்தாள். "அண்ணாச்சிக்கு முடி வச்ச மாதிரி பிள்ளைக்குக் கால் வச்சிருக்கிய. இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்றாள்.

சுருக்கென்றது, பெரியோர்களே! தினம் இரண்டு வேளை எண்ணெய் தேய்க்கும் காலை நானே அழித்திருந்தேன்! உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அன்றே ஒப்பந்தம் போட்டோம். கோமு கண் தூக்காமல் எந்தப் படமும் சுவர் ஏறாது! பின்னிய காலுக்குச் சம்மதம் தந்தாள். வளைந்த விரலுக்குத் தந்தாள். வாயோரம் வழியும் கஞ்சிக்கும் தந்தாள். நாற்பது படம் தோற்று, பன்னிரண்டு தேறி, உங்களைச் சுற்றி மாட்டியிருக்கிறது.

பதின்மூன்றாவது, இதோ வேட்டி போர்த்தி மேடையில் நிற்கிறது. அதே ஆறு; கோமு என் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் காட்டினேன். கண்ணை மூடிவிட்டாள்! கால் சரியாகத்தானே இருந்தது? தங்கத்தாய்தான் கண்டுபிடித்தாள்: "உங்க தொப்பை எங்க?"

பழக்கதோஷம்! என்னை இளைக்க வைத்து, நரைக்கு மையும் அடித்திருந்தேன். இப்போது திருத்திவிட்டேன், அவள் இன்னும் பார்க்கவில்லை. அழைப்பிதழில் அறிவித்த படம், திறந்துவைக்கத் தலைவரே வந்திருக்கிறார். ஆனாலும் அவள் கண்ணை மூடினால் படம் வீட்டுக்குத்தான் போகும். அண்ணாச்சி, வேட்டியை விலக்குங்கள்! தங்கம், நாற்காலியை முன்னால் தள்ளு!

"ஏளா கோமு, தொப்பை போதுமா? நரை போதுமா? இது உங்க அப்பன்தானா?"

பொறுங்கள், கைதட்டாதீர்கள். அவள் பார்க்கட்டும்.

தூக்கிவிட்டாள்! பார்த்தீர்களா தாய்மார்களே, நெற்றி வரைக்கும் தூக்கிவிட்டாள்! சிரிக்கிறாள்! பிள்ளைக்கு நான் கால் வரைந்து கொடுக்க நினைத்தேன். என்னை எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தவள் அவள். எந்தப் பிள்ளையையும் திருத்தி எழுதாதீர்கள் என் மக்களே! இருக்கிறபடி தோளில் தூக்குங்கள், ஊர் பார்க்கத் தூக்குங்கள்!

என்ன அண்ணாச்சி, ஏதோ சொல்கிறீர்களே? "அடுத்த தேர்தலுக்கு என்னையும் இருக்கபடியே வரையும்வே!"

கேட்டீர்களா! அப்படியானால் முடிக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட் எனக்கு மிச்சம். வந்தவர்களுக்கு நன்றி, கண் தூக்கியவளுக்குக் கோடி நன்றி, வணக்கம்!