மேலே போன மாப்பிள்ளை

பவுர்சக் பலகாரத்துக்கு மாவைக் கையால்தான் பிசைய வேண்டும், ஐயா. இயந்திரத்தில் பிசைந்தால் எண்ணெயில் போட்டதும் உப்பாது, கல் மாதிரி கிடக்கும். எனக்கு முன்னால் இருந்த சமையல்காரர் இயந்திரத்தில் பிசைந்தார். அதனால்தான் அவரை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான். நீங்கள் கேட்டபடி மற்றதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரைஹான். ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் விண்வெளி வீரர்களைச் சில வாரம் அடைத்து வைக்கும் வீடு எங்கள் ஊரில் இருக்கிறது. வெளி ஆள் தொடக்கூடாது, வெளித் தும்மல் உள்ளே போகக்கூடாது. சொந்தக்காரர்கள்கூடக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச வேண்டும். போகிறவர்களும், அவர்களுக்கு ஏதாவது ஆனால் போவதற்கென்று மாற்று ஆட்களும் ஒன்றாகவே அடைபட்டிருப்பார்கள். எல்லோருக்கும் சமையல் நான்தான். வாசலில் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டுதான் தினமும் வீட்டிலிருந்து உள்ளே போவேன்.

நீங்கள் முதலில் கேட்டது விஷத்தைப் பற்றி. நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. டாக்டர் ஆல்பினா செர்கேயெவ்னா ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சோதித்த பிறகுதான் சாப்பாடு மேசைக்குப் போகும். அவர் சோதிக்காதது ஒன்றே ஒன்றுதான். யார் எத்தனை தடவை தட்டை நீட்டினார் என்பதை அவர் பார்க்கவில்லை.

ஸாபித் என் மகள் ஜனாரின் கணவர். தங்கமான பிள்ளை. பொறியாளர். விண்வெளி வீரர்தான், ஆனால் விண்வெளிக்குப் போகாதவர். ஒவ்வொரு முறையும் மாற்று ஆளாக வருவார், கீழே நின்று கையசைப்பார், திரும்பிப் போவார். கல்யாணம் ஆனதும் ஜனாரை மாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பயிற்சி ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், அதையும் விட்டுவிட்டுப் போனாள். நௌரிஸ் பண்டிகைக்கு வருவார்கள். கொண்டுவந்த பெட்டியைத் திறப்பதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். நான் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. பெண் என்றால் போகத்தான் வேண்டும்.

ஒரு நாள் ஜனார் போனில் அழுதாள்.

“அம்மா, அவரு சரியாவே தூங்கறதில்ல. பக்கத்து வீட்டுக்காரரு ரெண்டு தடவ மேல போயிட்டு வந்துட்டாரு. அவரு லிஃப்ட்ல நின்னா இவரு படியிலயே இறங்கி வர்றாரு.”

பெற்ற வயிறு கேட்குமா? மாப்பிள்ளையை எப்படியாவது மேலே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். இதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

விண்கலத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அச்சு இருக்கை உண்டு. ஆளைப் படுக்கவைத்து, உடம்பின் வளைவைச் சாந்தில் அச்செடுத்துச் செய்வது. தரையில் வந்து இறங்கும் அடியில் முதுகெலும்பு முறியாமல் காப்பது அதுதான். அச்செடுப்பவர் வெனியாமின், டீ குடிக்க என் சமையலறைக்கு வருவார். “ஒரு வெரல் கூடினாலும் போச்சு, ஒரு வெரல் கொறஞ்சாலும் போச்சு” என்பார். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த முறை போகவிருந்த பொறியாளர் ஆர்கிப். மாற்று ஆள் எங்கள் ஸாபித். ஆர்கிப் வஞ்சனையில்லாமல் சாப்பிடும் மனிதர். ராக்கெட்டில் ஏதோ வால்வு ஒழுகுகிறது என்று கிளம்பும் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று. குதிரை இறைச்சியைக் கொழுப்போடு வேகவைத்துப் போட்டேன். பாலேட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் தட்டில் ஊற்றினேன்.

“போதும் ரைஹான் அக்கா, வெடிச்சிருவேன்.”

“மேல போனா டியூபைப் பிதுக்கித்தான் சாப்பிடணும். இப்ப சாப்பிடாம எப்ப சாப்பிடுவீங்க?”

“சரி, இதுதான் கடைசித் துண்டு.”

“ஐயோ, கிளம்பற நேரத்துல அந்த வார்த்தையச் சொல்லலாமா?”

கடைசி என்ற வார்த்தையை இவர்கள் வாயில் எடுக்க மாட்டார்கள். ராசியில்லை. ஆர்கிப் முகம் வெளுத்துப்போய், பரிகாரமாக இன்னும் இரண்டு துண்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து அவருடைய எந்தத் துண்டும் கடைசித் துண்டாக இல்லை.

டாக்டர் எடை பார்த்தார். “கொஞ்சம் ஏறியிருக்கு. பரவாயில்ல, பயத்துல எளைக்கறதுக்கு இது தேவல” என்றார்.

பிறகு உடுப்போடு இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் நாள் வந்தது. நடந்ததை வெனியாமின் வந்து சொன்னார். தோளை ஒருவர் அழுத்த, இடுப்பை இன்னொருவர் அழுத்த, “மூச்ச இழுங்க” என்று இவர் கத்தியிருக்கிறார். “இழுத்தாச்சுய்யா, இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வந்துரும்” என்றாராம் ஆர்கிப். எப்படியோ உள்ளே திணித்துவிட்டார்கள். ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. இருக்கையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, கவிழ்த்துத் தட்டி எடுத்தார்களாம். என் வீட்டில் கேக்கை அப்படித்தான் எடுப்பேன்.

யார் போவது என்று முடிவு செய்யும் குழு கூடியது. பொறியாளரை மட்டும் மாற்றினார்கள். ஆர்கிப் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழுதார். அழுகிற மனிதருக்குச் சாப்பாடு போடாமல் இருக்க எனக்குத் தெரியாது. போட்டேன்.

ஸாபித் கிளம்பும் முன் என்னிடம் வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “அத்தை, உங்க கை ராசி” என்றார். உண்மையில் அப்படித்தான்.

வழியனுப்ப வந்த ஜனார், அவர் மேலே இருக்கும் ஆறு மாதமும் என்னோடு இருந்துவிடுகிறேன் என்றாள். நான் கேட்கவே இல்லை. அவளுடைய பழைய அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தேன். அதை முந்தின மாதமே தைத்து வைத்திருந்தது தற்செயல்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் அவள் தலை சீவுவாள், நான் தேநீர் ஊற்றுவேன். இரண்டு பேரும் சந்தைக்குப் போவோம். முலாம்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவாள். சிரிப்பாள். ஞாயிறுதோறும் கட்டுப்பாட்டு அறையில் திரையில் ஸாபித் வருவார், மிதந்துகொண்டே பேசுவார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். மூன்று பேரும்.

பிறகு அவருக்குப் பதிலாகப் போக வேண்டிய பொறியாளர் வந்து சேர்ந்தார். ஜனார் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

அந்தப் பொறியாளர் பெயர் ஸினாயிதா. கீரைத் தண்டைக்கூட நிறுத்து நிறுத்து மெல்லும் பெண். அவரைக் குண்டாக்க யாராலும் முடியாது. வெனியாமின் சொன்னதில் இரண்டாவது பாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சூப்பில் உப்பைக் குறைத்தேன். மீனை நார் நாராகப் போகும்வரை வேகவிட்டேன். கஞ்சியை அடிபிடிக்க விட்டேன். டாக்டர் கிருமி தேடினார், இல்லை. ருசியும் இல்லைதான், ஆனால் அதைத் தேட அவரிடம் கருவி கிடையாது. இந்த விசாரணையில் நான் வெட்கப்படுவது அந்தச் சில வாரச் சமையலுக்கு மட்டும்தான். எழுதிக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சமைத்ததில்லை.

ஸினாயிதாவின் மாற்று ஆள் நல்ல உடம்புக்காரர். அவருக்கு மட்டும் சமையலறைப் பின்கதவு வழியாக நல்ல சாப்பாடு போயிற்று. பரிசோதனை நாளில் அந்த அம்மா இருக்கைக்குள் டப்பாவில் போட்ட கொட்டை மாதிரி ஆடினார். மாற்று ஆளுக்கு உடுப்பின் ஜிப்பே ஏறவில்லை. கடைசியில் அந்த இருக்கையில் உருளைக்கிழங்கு மூட்டையையும் பேட்டரிகளையும் கட்டி அனுப்பினார்கள். விண்வெளி நிலையத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளப் பொறியாளர் ஒருவர் மேலே இருந்தே ஆக வேண்டும். பதிலுக்கு ஆள் வராமல் ஸாபித் இறங்க முடியாது. இருங்கள் என்று அவருக்கு உத்தரவு போனது. உத்தரவு போட்டது நான் இல்லை, குழு.

அச்சிலேதான் கோளாறு என்று வெனியாமினை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பாவம். அவர் ஊருக்குப் போகும்போது ஒரு பை நிறைய பவுர்சக் கொடுத்தனுப்பினேன்.

ஜனார் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸாபித்தின் பேச்சு மாறிக்கொண்டு வந்தது. முகம் உப்பியிருந்தது, கால் இரண்டும் கோழிக்கால் மாதிரி வற்றியிருந்தது.

“அத்தை, யாருமே வர மாட்டேங்கறாங்களே. கீழ என்னதான் நடக்குது?”

“எல்லாரும் சௌக்கியம் மாப்பிள்ளை. நல்லா சாப்பிடறாங்க.”

“எனக்கு எறங்கணும் அத்தை.”

“இதுக்குத்தானே இத்தன வருஷம் காத்திருந்தீங்க?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதந்தார். மனிதர்கள் அப்படித்தான், கிடைத்ததும் அருமை தெரியாது.

டாக்டர் ஒரு நாள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். “ரைஹான், நீ சொந்தக்காரிங்கறதால சொல்றேன். அவரு எலும்பு உளுத்துக்கிட்டே வருது. இன்னொரு குளிர்காலம் அங்கயே இருந்தா, எறங்கினாலும் நடக்கறது சந்தேகம்” என்றார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மேலே இருப்பவருக்கு நடக்க என்ன தேவை இருக்கிறது என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் பிசைவதை நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் மாவு இறுகிவிடும்.

மூன்றாவதாக வந்தவர் ப்ரோஹர், ஸாபித்தின் கூட்டாளி. அவருடைய மாற்று ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்கு முதல் வாரமே சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. ஆனால் ப்ரோஹர் கெட்டி. “அவன எறக்காம நான் ஒரு பிடி கூட அதிகமாத் தின்ன மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். தானே நிறுத்துப் பார்த்துச் சாப்பிடுவார்.

அவருக்கு குர்த் கொடுத்தேன். காயவைத்த தயிர் உருண்டை, உப்புக் கட்டி மாதிரி இருக்கும். “இது சாப்பாடே இல்ல தம்பி, சும்மா வாயில அடக்கிக்கங்க, பொழுது போகும்” என்றேன். பொழுது போயிற்று. தண்ணீர் குடம் குடமாகக் குடித்தார். பரிசோதனை அன்று கையுறை விரலில் ஏறவில்லை. பூட்ஸுக்குள் கால் போகவில்லை.

அன்றைக்கு ஜனார், ஸாபித்துக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பலாம் என்று கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள். ப்ரோஹர் வீங்கின கைகளைத் தூக்கிக் காட்டி, “என்னன்னே தெரியல ஜனார். உங்கம்மா குடுத்த குர்த்தத் தவிர நான் ஒண்ணும் கூடுதலாத் தின்னலையே” என்றார். நர்சாக இருந்த அவளுக்கு உப்பு உடம்பை என்ன செய்யும் என்று தெரியும். பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். சாப்பிட உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அம்மா, அவர எறக்கு.”

“நானா ஏத்தினேன்?”

“ஆமா. நீதான் ஏத்தினே. ஆர்கிப்ப, அந்தம்மாவ, இப்ப இவர. எல்லாம் நீதான்.”

“உன் புருஷன் ஆசப்பட்டாரு. செஞ்சு குடுத்தேன். சூப்பு ஆறுது, உக்காரு.”

“போன ஞாயித்துக்கெழம அவரு எங்கிட்ட கேட்டாரு. வெயில்ல காஞ்ச துணி என்ன வாசம் அடிக்கும்னு மறந்துபோச்சாம். சொல்லு சொல்லுங்கறாரு. நான் அத எப்படிம்மா சொல்லுவேன்?”

“துணி துவைக்கற வேல மிச்சம்னு சொல்லு.”

நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன், ஐயா. அவள் சிரிக்கவில்லை. என்னை அம்மா என்றுகூடக் கூப்பிடாமல் வெளியே போனாள். அவள் எங்கே போனாள் என்று உங்களுக்குத்தான் தெரியும். மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களில் ஒருவரும் அந்த இருக்கைகளில் உட்கார முடியாமல் செய்தது நான்தான். தெரிந்து செய்தேன். எலும்பு விஷயம் தெரிந்த பிறகும் செய்தேன். என்னைத் தவிர யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. வெனியாமினை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு நல்ல பிள்ளையின் ஆசையை நிறைவேற்றத்தான். வேறு காரணம் எழுத வேண்டாம்.

இப்போது புதுச் சமையல்காரர் டப்பா சாப்பாடு போடுகிறாராம், எல்லோரும் அளவோடு இருக்கிறார்களாம், கூடிய சீக்கிரம் ஸாபித் இறங்கிவிடுவாராம். நல்லது. ஒரு வேண்டுகோள் மட்டும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கே சாப்பாடு சரியிருக்காது. ஆறு தெரிகிற என் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். படுத்த படுக்கையாகத்தான் வருவார் என்று டாக்டர் சொல்கிறார். அப்படியென்றால் ஜனாரும் கூடவே வந்து இருந்துதானே ஆக வேண்டும். மூன்று வேளையும் நான் சமைத்துப் போடுகிறேன். அவர் எப்போது எழுந்து நடப்பார் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.