பியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் சுமந்தபடி ஓய்வுபெறும் எங்கள் பள்ளி மின்பணியாளருக்கு

அக்டோபர் 31, சனிக்கிழமை.

இரண்டு நாள்களாக என் வீட்டுக் கூடம் இருண்டு கிடக்கிறது. இருட்டாக்கியவருக்கே பாராட்டு மடல் எழுதும் பொறுப்பை, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால், இப்பள்ளியினர் என் தலையில் கட்டிவிட்டனர்.

ஏணி ஏறும் ஏந்தலே! கம்பிகளின் காவலரே! எவர் சொல்லையும் நம்பாத சோதனைச் செம்மலே!

இருபத்தொன்பது ஆண்டுகளாக, எந்த விளக்கைத் தொடுமுன்னும் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் இட்டீர். மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டர் எரிவதை உறுதிசெய்த பின்னரே, மின்சாரம் நிறுத்திய கம்பியில் அதை வைத்தீர். அக்கட்டையோடு வீட்டுக்குப் போய், தேர்வு நாளில் ஆசிரியர் அறையை இருளில் ஆழ்த்திய பெருமையும் உமதே! "அணைச்சாச்சு, ஏறுய்யா" என்ற தலைமையாசிரியரிடமே, "சொல்ற வாய்க்கு ஷாக் அடிக்காது சார், என் கைக்குத்தான் அடிக்கும்" என்றீர். என்ன துடுக்கு என்று அன்று கொதித்தேன்.

கடந்த வாரம் என் கூடத்துக் கூரைவிளக்கை நானே பொருத்தினேன். சுவிட்சைத் தட்டினால் எரிந்தது; மறுபடி தட்டினால் அணைந்தது. இறுமாந்தேன். வியாழனன்று, சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாள் என் மனைவி. பல்பைக் கழற்றிய நேரத்தில், விழா அழைப்பிதழுடன் நுழைந்த நீர், "அக்கா, கைய எடுங்க!" என்று அலறினீர். அணைந்த விளக்கின் ஹோல்டரில் உம் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வர்ற பேஸ் கம்பியிலதான் சுவிட்ச் இருக்கணும். இங்க கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல்ல போட்டிருக்கு. விளக்கு அணையும், ஹோல்டர்ல கரண்ட் அப்படியே நிக்கும். யாரு சார் இந்த அறிவாளி?"

"வேற யாரு? உங்க சார்தான்" என்றாள் அவள். ஹோல்டருக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி.

"நாளைக்கு வந்து மாத்தறேன். நீங்க எதையும் தொடாதீங்க" என்று கூடத்துப் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் இட்டுப் போனீர். நாளை வந்தது, நீர் வரவில்லை!

நம்ப மறுத்த உம் கைகள் நோயின்றி நெடுங்காலம் வாழ்க! உம் மறதி மட்டும் இன்றோடு ஓய்வுபெறுக!

ஐயா, அந்தச் சட்டையைச் சலவைக்குப் போடாதீர். விழா முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வாரும். சுவிட்சைப் பேஸ் கம்பிக்கு மாற்றும். என் சொல்லை நம்பாமல் நீரே டெஸ்டர் வைத்துப் பார்த்து, அக்கட்டையை உம் கையாலேயே செருகும்!

இங்ஙனம்,
பள்ளிப் பணியாளர் அனைவரும், இருண்ட கூடத்துக்காரனும்.